ஒரே பெயரில் போன மெயில்கள்

ஜீஃபாவுக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். கதவைப் பூட்டிவிட்டு நாலடி போவாள், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். கானாவின் தலைநகர் அக்ராவில் மதீனா பஸ் நிலையத்தில் ட்ரோட்ரோ என்கிற மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று புருஷனுக்குப் போன் போடுவாள். ஏவே மொழியில் அவள் பெயருக்கே மனசு அமைதியாயிற்று என்றுதான் அர்த்தம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவள் புருஷன் எலிக்கெம் அதைச் சொல்லிச் சொல்லியே கேலி பண்ணுவான். "எல்லாரும் எட்டாம் நாள்தானே பேரு வைக்கிறாங்க? அந்த ஒரு வாரம் உங்கப்பா உன்னைத் திரும்பியே பார்க்கலையா?"

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, மெயில் அனுப்புவது. அனுப்பினால் அனுப்பியதுதான். திரும்பி வந்து இழுத்துப் பார்க்க வழி கிடையாது.

அக்ராவில் கொகொம்லெம்லே பக்கம், கீழே செல்போன் கடைகளும் மேலே அலுவலகங்களுமாக இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் பாமோட்டி என்ற கம்பெனி இருந்தது. வேலை தேடுகிறவர்களையும் ஆள் தேடுகிறவர்களையும் சேர்த்து வைக்கிற இணையதளம். லான்டே என்பவர் தொடங்கியது. பெரிய குரல், பெரிய சிரிப்பு, சட்டென்று கோபம், கோபம் போன பிறகு எல்லாருக்கும் சோபோலோ என்கிற செம்பருத்திச் சாறு வாங்கித் தருகிற மனிதர். ஆஸ்பத்திரியோ ஓட்டலோ கிடங்கோ, ஆள் வேண்டுமென்றால் அங்கே விளம்பரம் போடுவார்கள். மனு போட்டவர்களில் யாரை நேரில் பார்க்கவேண்டும் என்று அவர்கள் குறித்துக் கொடுத்ததும், இன்ன தேதிக்கு இன்ன இடத்துக்கு நேர்காணலுக்கு வாருங்கள் என்று பாமோட்டியிலிருந்து மெயில் போகும். முன்பெல்லாம் கூடவே ஒரு குறுஞ்செய்தியும் போகும். செலவு ஏறுகிறது என்று லான்டே அதை நிறுத்திவிட்டார்.

இது ஒரு வகை மெயில், ஜனங்கள் கண் பூத்துக் காத்திருக்கிற வகை. இன்னொரு வகைக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஆறே வாரத்தில் கணக்கியல் படியுங்கள், உங்கள் சுயவிவரத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், இந்த வாரம் சேர்ந்தால் பாதிக் கட்டணம். அந்தப் பயிற்சி நிலையங்கள் கொடுக்கிற விளம்பரப் பணத்தில்தான் கம்பெனியின் விளக்கே எரிந்தது. இரண்டு வகையையும் அனுப்புகிறவள் ஜீஃபாதான்.

மெயில் முகவரியின் வாலில் ஒரு பெயர் இருக்குமே, டொமைன் என்பார்கள், அது இரண்டு வகைக்கும் ஒன்றாகவே இருந்தது. இணையதளத்தின் நிரலெல்லாம் எழுதுகிற வும்பினிக்கு அது பிடிக்கவில்லை. டமாலேயிலிருந்து வந்த பையன், நெட்டையாக இருப்பான், மெதுவாகப் பேசுவான். ஒருநாள் கூட்டத்தில் அவன் சொன்னான்.

"பாஸ், விளம்பரத்துக்கு மட்டும் தனியா ஒரு சப்டொமைன் வச்சுக்கலாம். நம்ம பேருக்கு முன்னாடி 'நியூஸ்'னு ஒரு சொல்லு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். கோர்ஸ் மெயிலைப் பார்த்துக் கடுப்பாகறவங்க அந்தப் பேர் மேல கடுப்பாகட்டும். நேர்காணல் மெயில் போற பேரு சுத்தமா இருக்கும்."

லான்டே ஜீஃபாவைப் பார்த்தார். "மெயில் உன் பொறுப்பு. நீ சொல்லு."

அவள் சும்மா சொல்லவில்லை. சில நாள் இப்படியும் சில நாள் அப்படியும் அனுப்பிப் பார்த்தாள். புதுப் பெயரில் போன விளம்பரத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பழைய பெயரில் போனதை ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் திறந்தார்கள்.

"நம்ம பேரிலேயே போகட்டும் பாஸ். தெரிஞ்ச பேருன்னாதான் ஜனங்க திறக்கறாங்க."

"பார்த்தியா வும்பினி? அக்கா கணக்குப் போட்டுச் சொல்றா. நீ வாய்ல சொல்ற" என்று லான்டே மேஜையைத் தட்டினார். வும்பினி தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டான்.

ஜீஃபா சொன்னது பொய்யில்லை. தெரிந்த பெயர் என்பதால்தான் திறந்தார்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தார்கள், உள்ளே கணக்கியல் கோர்ஸ் இருந்தது. இதை அவள் அப்போது இப்படி யோசிக்கவில்லை.

டிசம்பர் பிறந்து, பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசி ஊரை மூடியிருந்த நாட்களில், லான்டே ஒரு பெரிய பயிற்சி நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தார். புது வருடத்துக்குப் புது வாழ்க்கை என்று ஒரு விளம்பரம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து யாரெல்லாம் பதிந்தார்களோ அத்தனை பேருக்கும் போகவேண்டும், அதுவும் ஒரு தடவை இல்லை, ஜனவரி பிறக்கிறவரை அடுத்தடுத்து.

"பாஸ், பழைய ஆளுங்க பாதிப் பேரு நம்மளை மறந்தே போயிருப்பாங்க" என்றாள் ஜீஃபா. "பாதி முகவரி செத்துப் போயிருக்கும்."

"மறந்தவங்களுக்குத்தான் ஞாபகப்படுத்தணும். அனுப்பு ஜீஃபா, கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவளுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் அவளுக்கு எதற்கெடுத்தாலும்தான் உறுத்தும். அடுப்பு எரிகிறதென்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்த அத்தனை தடவையும் அடுப்பு அணைந்துதானே இருந்தது? இதுவும் அப்படித்தான் என்று தன்னையே அதட்டிக்கொண்டு அனுப்பினாள். திரையில் பெரும்பாலான வரிகளில் 'சேர்ந்தது' என்று பச்சையாக விழுந்தது. லான்டே வந்து பார்த்து, "பார், பச்சைப் பசேல்னு இருக்கு" என்று சிரித்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து அலுவலகம் திறந்த பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கடவுச்சொல் மாற்றக் கேட்டேன், மெயில் வரவில்லை என்று ஒருவர். மனு போட்டேன், கிடைத்ததென்று பதிலே இல்லை என்று இன்னொருவர். இதெல்லாம் எப்போதும் வருவதுதான், ஆனால் இவ்வளவு வராது. ஜீஃபா தன்னுடைய சொந்த முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். டக்கென்று வந்து முன்னால் நின்றது. எலிக்கெமுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால், அவன் மெயிலைத் திறந்து வருடக்கணக்காகிறது.

பிறகு துறைமுக ஊரான டெமாவில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே ஆள் எடுக்கிற பொறுப்பில் இருந்தவர் திருமதி ஒஃபோசுஹெனே. அவர் குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே பயமாக இருக்கும்.

"ஜீஃபா, நர்சுங்க, மருத்துவச்சிங்கன்னு பெரிய கூட்டத்தைக் கூப்பிட்டிருந்தோம். கால்வாசிகூட வரலை. மூணு டாக்டருங்க காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. உங்க பக்கம் ஏதாவது கோளாறா?"

ஜீஃபா பதிவைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பச்சை. "எல்லாம் சேர்ந்திருக்கு மேடம், பச்சைன்னு காட்டுது" என்றாள்.

லான்டே கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வேலை வேணும்பாங்க, டெமா தூரம்பாங்க. நம்ம ஜனங்களைப் பத்தித் தெரியாதா?" அந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ளத்தான் ஜீஃபாவும் ஆசைப்பட்டாள். பிடி நிற்கவில்லை. வேலை இல்லாமல் அலைந்த நாட்கள் அவளுக்கே உண்டு. நேர்காணல் என்று ஒரு வார்த்தை வந்தால் டெமாவுக்கு நடந்தே போயிருப்பாள். அன்று மத்தியானம் இலையில் கட்டி வாங்கி வைத்த வாச்சே என்ற பயறுச் சோறு பிரிக்காமலே ஆறிப்போனது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். செருப்பிலும் பாவாடை ஓரத்திலும் செம்மண். கையில் போனை இறுகப் பிடித்திருந்தாள். யாரையும் வணங்கவில்லை, உட்காரவில்லை.

"இங்க மெயில் அனுப்பறது யாரு?"

"நான்தான். என்ன மேடம்?"

"என் பேரு அராபா குவான்சா. சால்ட்பாண்ட்லேர்ந்து வரேன். மருத்துவச்சி. டெமா ஆஸ்பத்திரிக்கு உங்க மூலமா மனு போட்டிருந்தேன். பதிலே காணோமேன்னு அங்கயே போன் பண்ணிக் கேட்டேன். 'உங்களைக் கூப்பிட்டோமே, நீங்கதான் வரலை'ங்கறாங்க. யாரு கூப்பிட்டா? எப்பக் கூப்பிட்டாங்க?"

ஜீஃபா அவசரமாகத் தேடி எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இதோ பாருங்க, உங்க பேரு. சேர்ந்ததுன்னு இருக்கு."

"உங்க கம்ப்யூட்டர்ல சேர்ந்திருக்கு. என் போன்ல எங்க இருக்கு? நீயே தேடிக் குடு தங்கச்சி." போனை மேஜைமேல் வைத்தாள்.

ஜீஃபா எடுத்துத் தேடினாள். இன்பாக்ஸ் என்கிற முன்பெட்டியில் இல்லை. விரல் தானாக ஓரத்தில் இருந்த ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டியைத் தொட்டது. உடம்பை இளைக்க வைக்கிற தேநீர், அதற்குக் கீழே பாமோட்டி, அதற்குக் கீழே லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாக யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. பாமோட்டியின் மெயிலைத் திறந்தாள். 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது. அந்த வார்த்தையைச் சேர்த்தவள் அவள்தான், படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

அராபா போனை வாங்கி, உதடு அசைய, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். சத்தம் போடுவாள் என்று ஜீஃபா எதிர்பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"காலையில எழுந்து முகம் கழுவறதுக்கு முன்னாடி இந்த போனைத்தான் பார்ப்பேன். 'அதையே கட்டிக்கோ'ன்னு என் வீட்டுக்காரர் திட்டுவாரு. இப்படி ஒரு பெட்டி இருக்கறதே எனக்குத் தெரியாது." விரலால் திரையை மேலே தள்ளினாள். "ஆனா உங்க கோர்ஸ் மெயிலு மட்டும் டிசம்பர்ல ஜோரா வந்துச்சே? ஒவ்வொரு தடவையும் உங்க பேரைப் பார்த்ததும் எனக்குத் திக்குனு இருக்கும். திறந்தா கணக்கியல். அது எப்படி தங்கச்சி வந்துச்சு, இது வரலை?"

ஜீஃபா ஒரு தாளை எடுத்தாள். "உங்க நம்பர் குடுங்க அக்கா. நான் விசாரிச்சிட்டுக் கூப்பிடறேன்."

"கூப்பிடறேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே நம்பரைக் கொடுத்தாள். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஜீஃபா வும்பினியைக் கையோடு இழுத்துக்கொண்டு கீழே செல்போன் கடைகளுக்குப் போனாள். அங்கே இருக்கிற பையன்களில் பாமோட்டியில் பதியாதவன் யாருமில்லை. "உங்க மெயில்ல குப்பைப் பெட்டியைத் திறந்து காட்டுங்கப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று கேட்டாள். ஒருவன் போனில் இருந்தது. அடுத்தவன் போனிலும் இருந்தது. அதற்கடுத்தவனிடம் புதிதாக வந்த பாமோட்டி மெயில் அத்தனையும் குப்பையில்தான் இருந்தன. ஒரு போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, மாடியிலேர்ந்து கீழ வர்றதுக்கே உங்க மெயிலுக்கு வழி தெரியலையே! டெமாவுக்கு எப்படிப் போகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜீஃபாவுக்கு அழுகை வந்துவிட்டது, தூசியென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாடிக்கு வந்ததும் வும்பினி உட்கார்ந்து தோண்டித் தோண்டிப் பார்த்தான். பிறகு அவளுக்குச் சொன்னான். டிசம்பர் விளம்பரத்தைப் பார்த்து எரிச்சல்பட்டு, இது குப்பை என்று பொத்தானை அழுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில். செத்துப்போன முகவரிகளுக்குப் போய் முட்டித் திரும்பியது வேறு. மெயில் பெட்டி வைத்து நடத்துகிற பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் பெயர் பெயராகக் கவனித்துக்கொண்டிருக்கும். இந்தப் பெயரிலிருந்து வருவதை ஜனங்கள் விரும்பவில்லை என்று முடிவு கட்டிவிட்டால், யாருக்கும் சொல்லாமல் அந்தப் பெயரையே குப்பைப் பக்கம் தள்ளிவிடும். உள்ளே இருப்பது கோர்ஸா நேர்காணலா என்பது அப்புறம்தான்.

"அப்ப அந்தப் பச்சை?"

"பச்சைன்னா அவங்க வாசல்ல வாங்கிக்கிட்டாங்கன்னு அர்த்தம் அக்கா. வாங்கி எங்க போட்டாங்கன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க."

"எனக்கு மட்டும் ஒழுங்கா வந்துச்சே?"

"நீங்கதான் நம்ம மெயில் ஒண்ணு விடாம திறந்து பார்க்கறீங்க. உங்களுக்கு அது வேணும்னு மெயில் கம்பெனிக்குத் தெரியும்."

அவன், நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தலையில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. டெமா ஆஸ்பத்திரி நமக்குத் தெரிந்தது. தெரியாதது எத்தனை? தக்வாவில் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தார்களே, குமாசியில் அந்தப் பள்ளிக்கூடம்? எத்தனை வீட்டில் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

லான்டேயிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. பிறகு தன் மனைவியின் போனையும் மைத்துனன் போனையும் வாங்கிப் பார்த்தார். முகம் சாம்பல் பூத்துப்போனது. திடீரென்று கத்த ஆரம்பித்தார்.

"அப்ப பேரை மாத்து! வும்பினி, நீ சொன்னியே சப்டொமைன், அதை இப்பவே போடு. 'அலர்ட்ஸ்'னு வை. கோர்ஸை நிறுத்து, மத்தது எல்லாத்தையும், போனது வந்தது அத்தனையையும், அந்தப் பேர்ல இன்னைக்கே திரும்ப அனுப்பு!"

"பாஸ், புதுப் பேர்ல ஒரேயடியா அனுப்பக்கூடாது" என்று வும்பினி இழுத்தான். "கொஞ்சம் கொஞ்சமாத்தான்..."

"அங்க ஜனங்க நேர்காணலைக் கோட்டை விட்டுக்கிட்டு இருக்காங்க, நீ கொஞ்சம் கொஞ்சமாங்கற! ஜீஃபா?"

இரண்டாவது தடவையாக அவள் வாயைப் பார்த்தார்கள். வும்பினி சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அராபாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் இன்னொரு அராபா என்று தோன்றியது. "அனுப்பிடலாம்" என்றாள்.

வும்பினி புதுப் பெயருக்கு வேண்டிய பதிவுகளையெல்லாம் செய்து கொடுத்தான். பிற்பகலில் ஜீஃபா அனுப்பத் தொடங்கினாள். முதலில் பச்சையாக விழுந்தது. ட்ரோட்ரோ கண்டக்டர் பையன்கள் தெருவில் "சர்க்கிள், சர்க்கிள்" என்று கூவிக்கொண்டிருந்த நேரத்தில் மஞ்சள் விழ ஆரம்பித்தது, பிறகு வரிவரியாகச் சிவப்பு. மெயில் கம்பெனிகள் குப்பையில்கூடப் போட மறுத்து, வாசலிலேயே திருப்பி அனுப்பின. நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஒரு பெயர் திடீரென்று ஆயிரமாயிரமாக மெயிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் யார்தான் கதவைத் திறப்பார்கள்? போதாக்குறைக்கு, அது ஏற்கெனவே கெட்டுப்போன பெயரின் பிள்ளை.

ஜீஃபா நிறுத்து பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் குடிக்கப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நின்றாள். இனி என்ன செய்தாலும் இன்னும் கெடும் என்று ஒரு பயம். எதுவும் செய்யாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

அன்று வீட்டில் எலிக்கெம் கெங்கே என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி வைத்திருந்தான். அவள் தொடாததைப் பார்த்து முதலில் கேலி பண்ண வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஃபிரிட்ஜ்ல காஸ் அடைச்சா உடனே ஸ்விட்ச் போடக்கூடாது. எத்தனை பேரு அவசரப்பட்டுப் போட்டு கம்ப்ரசரைப் புகைய விட்டிருக்காங்க தெரியுமா?" என்றான். பிறகு, "அந்த ஜனங்களுக்குப் போன் நம்பரே இல்லையா?" என்று கேட்டான்.

இருந்தது. ஒவ்வொரு மனுவிலும் இருந்தது. மெயிலை எப்படிச் சரி பண்ணுவது என்ற தவிப்பில் யாருக்குமே அது தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜீஃபா லான்டே அறைக்குப் போய் நின்றாள்.

"பாஸ், மூணு விஷயம். இனி விளம்பரம் நம்ம பேர்ல போகாது. 'நியூஸ்'னு தனி சப்டொமைன் போட்டு, அதுவும் கேட்டவங்களுக்கு மட்டும்தான் போகும். நேர்காணல் மெயில் புதுப் பேர்ல, சமீபத்துல நம்ம மெயிலைத் திறந்தவங்களுக்கு மட்டும் முதல்ல, தினம் கொஞ்சம் கொஞ்சமா. மத்த அத்தனை பேருக்கும் போன் பண்ணணும். ஆபீஸ்ல இருக்கிற எல்லாரும், நீங்களும் சேர்த்து."

"பயிற்சி நிலையத்துக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியலை பாஸ். அன்னைக்கு நம்ம பேர்லயே போகட்டும்னு சொன்னது நான். நேத்து அனுப்பிடலாம்னு சொன்னதும் நான். அதனாலதான் இப்பச் சொல்றேன்."

லான்டே திட்டுவதற்கு ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். "எந்த ஊர்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று தன் போனை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அந்த மாடியில் பேச்சுச் சத்தம்தான். வும்பினி டக்பானி மொழியில் வடக்குப் பக்கத்து ஆட்களிடம் பேசினான், ஜீஃபா ஏவேயில், லான்டே கா மொழியிலும் ட்வியிலும். சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர், இது ஏமாற்று வேலை, பணம் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துவிட்டார்கள். ஹோ என்ற ஊரில் ஒரு கிழவர், தன் மகன் வேலை கிடைக்காத வெறுப்பில் கிளம்பி எல்லை தாண்டி லோமே பக்கம் போய்விட்டான், நம்பர் இல்லை என்றார். அவரிடம் ஜீஃபா மன்னிப்புக் கேட்டாள். "எதுக்கும்மா?" என்று அவர் கேட்டார்.

திருமதி ஒஃபோசுஹெனேயைப் பார்க்க டெமாவுக்கு நேரிலேயே போனாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"பச்சைன்னு சொன்னியே."

"பச்சைன்னா என்னன்னு எனக்குத் தெரியலை மேடம். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"வந்தவங்களை வச்சுப் பெரும்பாலான இடத்தை நிரப்பிட்டேன். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு நாள் வைக்கிறேன். ஆனா ஒவ்வொருத்தரையும் நீ போன்ல கூப்பிட்டு, வரேன்னு அவங்க வாயால சொல்லிக் கேட்டுட்டு எனக்குச் சொல்லணும். இனிமே உன் திரையை நம்பறதா இல்லை."

ஜீஃபா முதலில் கூப்பிட்டது அராபாவைத்தான். "நிஜமாவே கூப்பிட்டுட்டியே" என்றாள் அராபா. போனாள். நன்றாகப் பதில் சொன்னதாக ஒஃபோசுஹெனேயே பிறகு சொன்னார். ஆனால் பிரசவ வார்டில் இருந்த இடங்கள் முதல் தடவையே நிரம்பியிருந்தன. வேறு வார்டுக்கு அவளைவிட அனுபவசாலி ஒருத்தி இருந்தாள். அராபாவுக்குக் கிடைக்கவில்லை. முதல் நாளே போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று ஜீஃபா கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்தாள்.

மெயில் சரியாவதற்கு, அங்கே மழை தொடங்குகிற ஏப்ரல், மே வரை ஆயிற்று. புதுப் பெயரில் ஒரு கைப்பிடி மெயில், மறுநாள் கொஞ்சம் கூட. திறக்கிறார்களா என்று பார்த்து, திறந்தால் இன்னும் கொஞ்சம். தினமும் சாயங்காலம் கீழே போய்ச் செல்போன் கடைப் பையன்களிடம் போனை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். "மெயில் டாக்டர் வந்தாச்சு" என்று அவர்கள் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். ஒருநாள் முன்பெட்டியில் இருக்கும், மறுநாள் குப்பைக்குப் போயிருக்கும், அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்காது. மெல்ல மெல்ல முன்பெட்டியிலேயே தங்க ஆரம்பித்தது. குறுஞ்செய்தியையும் லான்டே திரும்பக் கொண்டுவந்தார். பயிற்சி நிலையம் விலகிப்போனது. தனிப் பெயரில் போகிற விளம்பரத்தை முன்போல அவ்வளவு பேர் திறப்பதில்லை, லான்டே மாதாமாதம் அதைச் சொல்லிப் புலம்புவார். ஜீஃபா கேட்டுக்கொண்டிருப்பாள். பழையபடி மாற்றலாம் என்று மட்டும் வாயிலிருந்து வராது.

ஜூலையில் ஒருநாள் மனசு கேட்காமல் அராபாவுக்குப் போன் போட்டாள். பின்னணியில் குழந்தை அழுகிற சத்தம்.

"எங்க இருக்கீங்க அக்கா?"

"கேப் கோஸ்ட்ல. ஒரு கிளினிக்ல சேர்ந்து ரெண்டு மாசமாச்சு. உங்க மூலமா இல்லை, என் நாத்தனார் சொல்லிக் கிடைச்சுது. டெமா அளவுக்குச் சம்பளம் இல்லை. பரவாயில்லை, வீட்டுக்குப் போயிட்டு வர முடியுது."

"சந்தோஷம் அக்கா" என்றாள் ஜீஃபா.

"தங்கச்சி, உன்னைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் அராபா. "உங்க மெயிலு இப்பெல்லாம் நேரா முன்னாடி வந்து நிக்குது. வாரத்துல மூணு வேலை சொல்றீங்க. எனக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே, போதும். அதை எப்படி நிறுத்தறது? அந்தக் குப்பைப் பொத்தானை அமுக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் அக்கா, அதை மட்டும் அமுக்காதீங்க!" ஜீஃபா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "நான் எடுத்துடறேன். இப்பவே, நீங்க லைன்ல இருக்கும்போதே."

அந்தப் பக்கம் அராபா வாய்விட்டுச் சிரித்தாள். ஜீஃபா பெயரைத் தேடி எடுத்து நீக்கினாள். உண்மையிலேயே போய்விட்டதா என்று இன்னொரு தடவை தேடிப் பார்த்தாள்.

"ஆச்சு அக்கா."

"சரி, வைக்கறேன். இங்க ஒருத்திக்கு வலி எடுத்திருக்கு" என்று அராபா போனை வைத்தாள்.